கரும்பொன்னுக்கு இட்ட வேலி

இரும்பைக் "கரும்பொன்" என்று வழங்குவது தமிழ் மரபு. விலையை நோக்கின் பொன்னுக்கும் இரும்புக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. ஆயினும் வாழ்க்கைக்கு உதவும் வகையால் இரண்டனுள் எது உயர்ந்தது என்று வினவினால் விடை கூறுவது எளிதன்று. பொன் இல்லாத வீடு உண்டு. இரும்பு இல்லாத வீடு இல்லை. கதவின் பிணைச்சலும், கிணற்றுக் கப்பியும், அரிவாளும், தையல் ஊசியும், சமையலறைத் தகரப் பேணியும் இரும்பின் பிள்ளைகளே. வீட்டின் நிலை இதுவாயின் நாட்டின் நிலையைக் கூறவேண்டியதில்லை. பாலமும் இரும்பு, புகைவண்டிப் பாதையும் இரும்பு, பீரங்கியும் போர்க்கப்பலும் இரும்பு. ஆதலினாலேயே இரும்பைப் பற்றி ஒரு வழக்கு எழும்போது அது வெறும் விலை வழக்காக நின்றுவிடுவதில்லை. நாட்டின் காவல் பற்றிய வழக்காகவும் அது மாறிவிடுகின்றது.

அத்தகைய பெருவழக்கொன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2018ஆம் ஆண்டு தொடக்கம் நிகழ்ந்து வருகின்றது. பிற நாடுகளிலிருந்து வரும் உருக்குக்கும் அலுமினியத்துக்கும் உயர்ந்த சுங்கத் தீர்வை விதித்தல் தகுமா, தகாதா என்பதே அவ்வழக்கு. பொருளியல் பயிலும் மாணவர்க்கு இதனினும் சிறந்த சொற்போர்ப் பொருள் கிடைத்தல் அரிது. ஏனெனில், இரு திறத்தாரிடத்தும் உண்மை உண்டு. இரு திறத்தாரிடத்தும் மயக்கமும் உண்டு. உண்மையையும் மயக்கத்தையும் பிரித்தறிய முயல்வதே இக்கிழமை நாம் மேற்கொள்ளும் பணியாகும்.

சட்டமும் தீர்வையும்

ஜோன் கென்னடி சனாதிபதியாக இருந்த 1962ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு வர்த்தக விரிவுச் சட்டத்தை இயற்றியது. தீர்வைகளைக் குறைத்து உலக வாணிபத்தைப் பெருக்குவதே அச்சட்டத்தின் தலையாய நோக்கம். ஆயினும் அதனுள் 232ஆம் பிரிவு என்று ஒரு பிரிவு அமைந்தது. யாதேனும் ஒரு பொருளின் இறக்குமதி நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு செய்யும் என்று வர்த்தகச் செயலாளர் ஆராய்ந்து கூறுவாராயின், சனாதிபதி அவ்விறக்குமதியைக் கட்டுப்படுத்தலாம் என்பது அப்பிரிவின் சாரம். வாணிபக் கதவைத் திறப்பதற்கென்று எழுந்த சட்டத்திலேயே கதவைச் சாத்தும் தாழ்ப்பாளும் பொருத்தப்பட்டிருந்தது எனலாம்.

அரைநூற்றாண்டுக்கு மேலாக அத்தாழ்ப்பாள் பெரும்பாலும் தொடப்படாமலே கிடந்தது. 2018 மார்ச் 8ஆந் திகதி சனாதிபதி டொனால்ட் டிரம்ப் அதனைக் கையிலெடுத்தார். இறக்குமதி உருக்குக்கு நூற்றுக்கு 25 வீதமும், அலுமினியத்துக்கு நூற்றுக்கு 10 வீதமும் தீர்வை விதிக்கப்பட்டன. கனடா, மெக்சிக்கோ, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை முதலில் விலக்குப் பெற்றன. அவ்வாண்டு ஜூன் முதலாந் திகதியோடு அவ்விலக்கும் நீங்கியது. 2019 மே மாதத்தில் கனடாவுக்கும் மெக்சிக்கோவுக்கும் தீர்வை அகற்றப்பட்டது. அடுத்து வந்த சனாதிபதி ஜோ பைடன் காலத்தில், 2022இல், ஐரோப்பிய ஒன்றியம், யப்பான், பிரித்தானியா ஆகியவற்றுக்குக் குறித்த அளவு வரை தீர்வையின்றி அனுப்பும் வசதி அளிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் மீண்டும் சனாதிபதி டிரம்பினால் விலக்குகள் யாவும் நீக்கப்பட்டு, இரு உலோகங்களுக்கும் 25 வீதம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 4ஆந் திகதி அது 50 வீதமாக இரட்டிக்கப்பட்டது. பிரித்தானியாவுக்கு மாத்திரம் 25 வீதமாகவே நின்றது. ஓகஸ்ட் மாதத்தில் செம்பினால் ஆக்கப்பட்ட குழாய், கம்பி முதலியவற்றுக்கும் 50 வீதம் வந்து சேர்ந்தது.

தீர்வை என்பது எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை மாணவர் தெளிவாக அறிதல் வேண்டும். ஒரு தொன் உருக்கு உலகச் சந்தையில் நூறு நாணயம் என்று கொள்வோம். 25 வீதத் தீர்வை விதித்தால், துறைமுகத்தில் அந்த 25 நாணயத்தைச் செலுத்துபவர் அமெரிக்க இறக்குமதியாளரே. உருக்கை அனுப்பிய கொரிய வணிகரோ பிறேசில் வணிகரோ அல்லர். அயல்நாட்டு வணிகர் சந்தையை இழக்க அஞ்சித் தம் விலையைச் சிறிது தாழ்த்துதலும் உண்டு. 2018ஆம் ஆண்டுத் தீர்வைகளை ஆராய்ந்த பொருளியலாளர், ஏனைய பொருள்களில் சுமை முழுவதும் அமெரிக்கரையே சார்ந்தது என்றும், உருக்கில் மாத்திரம் ஓராண்டளவு சென்றபின் ஏறத்தாழப் பாதிச் சுமையை அயல்நாட்டார் ஏற்றனர் என்றும் கண்டனர். ஆயின் கதை அத்துடன் முடிவதில்லை. அயல்நாட்டு உருக்கின் விலை ஏறும்போது, உள்நாட்டு ஆலைக்காரரும் தம் விலையை ஏற்றுவர். இறக்குமதிக்கு மாத்திரம் விதித்த வரி, வரி செலுத்தாத உள்நாட்டு உருக்கின் விலையையும் உயர்த்திவிடுகின்றது. முன்னதில் வரும் பணம் திறைசேரியைச் சேரும். பின்னதில் வரும் பணம் ஆலைக்காரரைச் சேரும். இரண்டையும் கொடுப்பவர் உருக்கை வாங்குபவரே.

வேலி வேண்டும் என்போர் கூற்று

தீர்வையை வேண்டுவோர் கூற்றை முதற்கண் நடுவுநிலையோடு கேட்போம். உலகில் ஓராண்டில் ஆக்கப்படும் உருக்கு ஏறத்தாழ 190 கோடி தொன். அதிற் பாதிக்கு மேற்பட்டதைச் சீனா ஒன்றே ஆக்குகின்றது. அமெரிக்காவின் ஆக்கம் 8 கோடி தொன்னளவே. சீனாவில் அரசின் ஆதரவோடு எழுந்த ஆலைகள், அந்நாட்டின் தேவைக்கு மேற்பட்ட உருக்கைப் பிறநாட்டுச் சந்தைகளிற் கொட்டுகின்றன. 2024ஆம் ஆண்டில் சீனா ஏற்றுமதி செய்த உருக்கு 11 கோடி தொன்னைக் கடந்தது. அமெரிக்காவின் முழு ஆக்கத்தினும் அது மிகுதி. விலையைத் தாழ்த்தும் இவ்வெள்ளத்தின் முன் தனியார் ஆலை எவ்வாறு நிலைநிற்கும் என்று அவர்கள் வினவுகின்றனர். இது தட்டிக்கழிக்கத்தக்க வினாவன்று.

இன்னுமொன்று கூறுகின்றனர். உருக்காலை என்பது நினைத்தபோது மூடி நினைத்தபோது திறக்கும் கடையன்று. ஊதுலை ஒருமுறை ஆறிவிட்டால் அதனை மீண்டும் மூட்டுவது பெரும் பொருட்செலவு. சிலபோது இயலாத காரியமுமாம். உலையோடு கூடி உழைப்பாளரின் கைப்பழக்கமும் மறைந்துவிடும். 2025 ஏப்ரல் 12ஆந் திகதி, சனிக்கிழமையாயிருந்தும், பிரித்தானியப் பாராளுமன்றம் அவசரமாகக் கூடியது இதனாலேயே. ஸ்கந்தோர்ப் நகரிலுள்ள இரு ஊதுலைகளும் அணைந்தால் அந்நாட்டில் தாதிலிருந்து உருக்கை ஆக்கும் உலை ஒன்றும் எஞ்சாது. கைத்தொழிற் புரட்சியின் தாயகம் எனப்பட்ட நாடு தன் கடைசி உலைகளைக் காக்க ஒரே நாளிற் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. "போர் வந்தபின் உலை கட்ட முடியுமா?" என்று கேட்போர்க்கு இது தக்க சான்று.

மூன்றாவது, மனிதர் வாழ்வு பற்றியது. இலினோய் மாநிலத்தில் கிரனைட் சிட்டி என்று ஓர் ஊர் உண்டு. பீங்கான் பூச்சிட்ட இரும்புப் பாத்திரங்களாற் புகழ்பெற்று, அப்பாத்திரங்களின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர் அது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வூர் உருக்காலையின் உலைகள் அணைக்கப்பட்டன. ஏறத்தாழ 2,000 தொழிலாளர்க்கு வேலைநீக்க அறிவித்தல் கொடுக்கப்பட்டது. 2018இல் தீர்வை வந்தவுடன் உலை மீண்டும் மூட்டப்படும் என்றும், 500 தொழிலாளர் அழைக்கப்படுவர் என்றும் ஆலையார் அறிவித்தனர். இரண்டாண்டுகள் வீட்டிலிருந்த ஒரு தந்தை மறுபடியும் தலைக்கவசம் அணிந்து ஆலைக்குச் செல்வதன் பெறுமதியைப் புள்ளிவிபரத்தால் அளந்துவிட முடியாது. அவ்வூரார்க்குத் தீர்வை என்பது புத்தகச் சொல்லன்று, அடுப்பெரிக்கும் விறகு.

ஆயின் நேர்மையான ஆராய்ச்சி அவ்வூரின் பிற்கதையையும் கூறுதல் வேண்டும். தீர்வையோ பங்கீட்டுக் கட்டுப்பாடோ தொடர்ந்து இருந்துவந்த 2023ஆம் ஆண்டிலே அங்கு ஊதுலை மீண்டும் அணைக்கப்பட்டது. ஏனெனில், அமெரிக்க உருக்குத் தொழிலாளர் தொகை குறைந்ததற்கு இறக்குமதி மாத்திரம் காரணமன்று. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒரு தொன் உருக்குக்கு ஒருவர் பத்து மணித்தியாலம் உழைக்கவேண்டியிருந்தது. இப்பொழுது இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவான உழைப்புப் போதும். அமெரிக்க உருக்கில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்கு, பழைய இரும்பை மின்னுலையில் உருக்கி ஆக்கப்படுவது. ஊதுலையைத் தோற்கடித்தது அயல்நாட்டுக் கப்பல் மட்டுமன்று. பக்கத்து மாநிலத்து மின்னுலையுங்கூட. தீர்வை கப்பலை மறிக்கும்; மின்னுலையை மறிக்காது.

ஆணியின் கதை

இனி எதிர்ப்போர் கூற்றுக்கு வருவோம். மிசூரி மாநிலத்தில் பொப்லர் பிளஃப் என்னும் சிற்றூரில் ஆணி செய்யும் தொழிற்சாலை ஒன்று உண்டு. அதில் ஏறத்தாழ 500 பேர் உழைத்துவந்தனர். ஆணிக்கு வேண்டிய உருக்குக் கம்பி மெக்சிக்கோவிலிருந்து வந்தது. 2018 ஜூனில் மெக்சிக்கோவுக்குரிய விலக்கு நீங்கவே, கம்பியின் விலை 25 வீதம் ஏறியது. தொழிற்சாலை ஆணியின் விலையை உயர்த்தியது. ஆணி வாங்குவோர் என்ன செய்தனர்? சீனாவிலிருந்தும் பிறநாடுகளிலிருந்தும் வரும் ஆணியை வாங்கினர். ஏனெனில் கம்பிக்குத் தீர்வை இருந்ததேயன்றி, முடிந்த ஆணிக்கு அத்தீர்வை இல்லை! சில கிழமைகளுள் தொழிற்சாலைக்கு வந்த கொள்வனவுக் கட்டளைகள் பாதியாகக் குறைந்தன. 60 பேர் வேலையிழந்தனர். பின்னர் விண்ணப்பித்து, 2019இல் விலக்குப் பெற்றே அத்தொழிற்சாலை மூச்சுவிட்டது.

இக்குறையை அரசு எவ்வாறு தீர்த்தது என்பதே கவனிக்கத்தக்கது. 2020 பெப்ரவரியில், இறக்குமதி ஆணிக்கும் தீர்வை விதிக்கப்பட்டது. ஆணிக்கு விதித்தால் ஆணியைக் கொண்டு பெட்டி செய்வோன் நலிவான். அவனைக் காக்கப் பெட்டிக்கும் விதிக்கவேண்டும். 2025 ஓகஸ்டில் உருக்கும் அலுமினியமும் கலந்த 407 வகைப் பொருள்கள் ஒரே நாளில் தீர்வைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. ஓர் ஓட்டையை அடைக்கப் புகுந்தவன் கூரை முழுவதையும் வேய நேர்ந்தது. முதற் பொருளுக்கு இட்ட காப்பு அடுத்த பொருளுக்கு வினையாவதும், அவ்வினையைத் தீர்க்க இன்னொரு காப்பு வேண்டப்படுவதும் காப்புத் தீர்வைகளின் இயல்பு.

இதன் அடிப்படை எளிய கணக்கே. உருக்கை ஆக்குவோர் சிலர். உருக்கைக் கொண்டு பிறபொருள் ஆக்குவோர் பலர். அமெரிக்காவில் முன்னவர் ஒருவர் எனில் பின்னவர் எண்பதின்மர் என்று பொருளியலாளர் கணக்கிட்டனர். மோட்டார் வண்டி, உழவு யந்திரம், குளிரூட்டி, தகரப் பேணி ஆகிய யாவும் அப்பின்னவர் கைவேலை. ஒருவர் வருவாயை உயர்த்த எண்பதின்மர் செலவை உயர்த்துதல் வேண்டியதாகின்றது. அமெரிக்க அரசின் பன்னாட்டு வர்த்தக ஆணைக்குழு 2023இல் வெளியிட்ட அறிக்கை இதனை அளந்து காட்டியது. 2021ஆம் ஆண்டில் உள்நாட்டு உருக்கு, அலுமினிய ஆக்கம் தீர்வையினால் ஏறத்தாழ 220 கோடி டொலர் பெருகிற்று. ஆயின் 2018 முதல் 2021 வரை அவ்வுலோகங்களைப் பயன்படுத்தும் தொழில்களின் ஆக்கம் ஆண்டுதோறும் சராசரி 340 கோடி டொலர் குறைந்தது. தீர்வையை எதிர்ப்போர் எழுதிய அறிக்கையன்று இது. அரசாங்கத்தின் சொந்த ஆணைக்குழு எழுதியது.

இதனோடு பழிக்குப் பழித் தீர்வையும் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜூனில் அமெரிக்க விஸ்கி, மோட்டார்ச் சைக்கிள், ஜீன்ஸ் ஆடை முதலியவற்றுக்குத் தீர்வை விதித்தது. கனடா, அமெரிக்க உருக்கோடு தக்காளிக் குழம்பையும் விட்டுவைக்கவில்லை. இந்தியா 2019இல் அமெரிக்க வாதுமைப் பருப்புக்கும் அப்பிள் பழத்துக்கும் தீர்வையை உயர்த்தியது. உருக்காலைத் தொழிலாளனைக் காக்கப் புகுந்த சட்டத்துக்காக, உருக்கையே காணாத கலிபோர்ணியத் தோட்டக்காரன் தண்டம் செலுத்தினான்.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. 2018, 2019ஆம் ஆண்டுகளின் தீர்வைகளை ஆராய்ந்த பேராசிரியர் டேவிட் ஒட்டரும் அவரோடு சேர்ந்தோரும், அத்தீர்வைகளால் காக்கப்பட்ட தொழில்களில் வேலைவாய்ப்புக் குறிப்பிடத்தக்க அளவு பெருகவில்லை என்று கண்டனர். அதே வேளையில், காக்கப்பட்ட தொழில்கள் மிகுந்த ஊர்களில் தீர்வை விதித்தவரின் கட்சிக்கு மக்கள் ஆதரவு பெருகிற்று என்றும் கண்டனர். இதனை அறியாமை என்று எள்ளுவது கற்றோர்க்கு அழகன்று. நெடுங்காலம் தம்மை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை என்று வருந்திய மக்கள், பயன் பெரிதில்லையாயினும், தம்மை நினைத்தான் ஒருவன் என்று மகிழ்ந்தனர். பொருளியலாளரின் ஏடுகளில் அந்த வருத்தத்துக்கு இடமில்லாது போனதும் இவ்வழக்கின் ஒரு காரணமே.

காவல் என்னும் வாதம்

பொருட்கணக்கில் தீர்வை தோற்றாலும், பாதுகாப்புக் கணக்கில் வெல்லக்கூடும் அன்றோ? நாட்டின் உயிரைக் காக்கச் சில கோடி டொலர் நட்டமானால் ஆகுக என்று ஒருவர் கூறின், அதனை மறுப்பது எங்ஙனம்? இவ்வாதமே தீர்வையாளரின் வலிய படைக்கலம். ஆதலின் அதனை உன்னிப்பாக ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, போருக்கு எவ்வளவு உலோகம் வேண்டும்? 2018 பெப்ரவரியில், அந்நாட்டின் பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் மட்டிஸ் எழுதிய குறிப்பில், படைத்துறைக்கு வேண்டிய உருக்கும் அலுமினியமும் ஒவ்வொன்றிலும் உள்நாட்டு ஆக்கத்தில் நூற்றுக்கு 3 பங்களவே என்று கூறினார். நியாயமற்ற வாணிபத்தால் வரும் ஆபத்தை அவர் மறுக்கவில்லை. ஆயினும் தீர்வை நட்பு நாடுகளைப் பாதிக்கும் என்று கவலை தெரிவித்தார். வாள் ஏந்தும் துறையின் தலைவர், வாளுக்கு இரும்பு போதும் என்றார். வாணிபத்துறையின் தலைவர் போதாது என்றார்.

இரண்டாவது, எந்த உலோகம்? உருக்கின் நிலை வேறு, அலுமினியத்தின் நிலை வேறு. 1980இல் அமெரிக்கா 46 இலட்சம் தொன்னுக்கு மேல் அலுமினியத்தைத் தாதிலிருந்து பிரித்து உலகில் முதலிடத்தில் நின்றது. 2017இல் அது ஏழரை இலட்சத்துக்கும் கீழே வீழ்ந்தது. ஈண்டுப் பாதுகாப்புக் கவலை பொய்யானதன்று. தீர்வை வந்தபின் 2019இல் ஆக்கம் பதினொரு இலட்சமளவுக்கு உயர்ந்தது. பின்னர் மறுபடியும் தாழ்ந்து 2024இல் ஏழு இலட்சத்தளவில் நின்றது. காரணம் என்ன? ஒரு தொன் அலுமினியத்தைப் பிரிக்க ஏறத்தாழ 14,000 அலகு மின்சாரம் வேண்டும். ஆதலின் அலுமினியத்தின் ஊர், மின்சாரம் மலிந்த ஊரே. கென்டக்கி மாநிலத்து ஹோஸ்வில் ஆலை, போர்விமானங்களுக்கு வேண்டிய மிகத் தூய அலுமினியத்தை ஆக்கிய ஆலை. பாதுகாப்பு வாதத்தின் மணிமுடியாக 2018இல் எடுத்துக்காட்டப்பட்டதும் அதுவே. 2022 ஜூனில், மின்சார விலை தாங்கமாட்டாமல் அது நிறுத்தப்பட்டது. அறுநூறுக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். நான்கு ஆண்டுகள் தீர்வை இருந்தும், காக்கவேண்டிய அந்த ஒன்றையே தீர்வையாற் காக்க முடியவில்லை. நோய் மின்சாரத்தில் இருக்க, மருந்து துறைமுகத்தில் இடப்பட்டது.

மூன்றாவது, யாரிடமிருந்து வாங்குகின்றோம்? சீன வெள்ளத்தைப் பற்றிப் பேசினோம். ஆனால் பழைய தண்டத் தீர்வைகளினாலே சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு நேரே வரும் உருக்கு 2018க்கு முன்னரே மிகச் சுருங்கிவிட்டது. அமெரிக்காவுக்கு உருக்கை மிகுதியாக விற்போர் கனடா, பிறேசில், மெக்சிக்கோ, கொரியா முதலியோர். அலுமினியத்தில் இறக்குமதியின் பாதிக்கு மேற்பட்டது கனடாவின் கியூபெக் மாநிலத்து நீர்மின்சாரத்தால் ஆக்கப்பட்டது. கனடா பகைநாடா? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானங்களுக்கு அலுமினியம் போதாதபோது, கியூபெக்கின் ஷிப்ஷோ என்னுமிடத்தில் பெரும் நீர்மின் நிலையம் எழுவதற்கு முற்பணம் கொடுத்து உதவியது அமெரிக்க அரசே. அன்று காவலுக்கு அரணாக எண்ணப்பட்ட அதே அலுமினியம் 2018இல் காவலுக்கு ஊறு என்று எழுதப்பட்டது. அந்நாளிற் கனடாவின் பிரதமராயிருந்த ஜஸ்டின் ட்ரூடோ, தம் நாட்டு வீரர் அமெரிக்க வீரரோடு கூடிநின்று போரிட்டு மடிந்ததை நினைவூட்டி, இது தம் மக்களை அவமதிப்பதாகும் என்று வருந்தினார். தோழனிடம் வாங்கும் பொருளைக் குறைத்தால் பகைவனுக்கு என்ன நட்டம்? தோழமைக்கே நட்டம்.

இவ்விடத்தில் நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியும் நினைக்கத்தக்கது. 1942இல் யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபோது நேசநாடுகள் இயற்கை இறப்பரின் பெரும்பங்கை இழந்தன. எஞ்சிய முக்கிய ஊற்றுகளுள் தலைமையானது இலங்கை. நம் தோட்டங்களின் மரங்கள் அளவு கடந்து வெட்டப்பட்டுப் பால் எடுக்கப்பட்டன. அந்நெருக்கடியில் அமெரிக்கா எதனால் உயிர்தப்பியது? இறப்பருக்குத் தீர்வை விதித்தன்று. தோழரிடமிருந்து வாங்கியும், களஞ்சியத்திற் சேமித்தும், அரசின் பணத்தினால் செயற்கை இறப்பர் ஆலைகளைக் கட்டியுமே. ஒரு பொருள் உண்மையாகவே உயிர்ப்பொருள் என்று தெளிந்தபோது, அந்நாடு பொதுப்பணத்தைச் செலவிடத் தயங்கவில்லை.

ஆடம் சிமித் காட்டிய வழி

கட்டற்ற வாணிபத்தின் முதல் ஆசான் ஆடம் சிமித் என்று மாணவர் யாவரும் அறிவர். ஆயின் 1776இல் வெளிவந்த அவரது பெருநூல் பாதுகாப்பைப் புறக்கணித்தது என்று எண்ணுவது தவறு. செல்வத்தினும் காவல் பெரிது என்பதே அவர் கருத்து. கப்பலும் மாலுமியும் பிரித்தானியாவின் அரண் ஆதலின், பிறநாட்டுக் கப்பல்களைத் தடுத்த பழைய கடற்சட்டத்தை, அதனால் வாணிபம் குறையும் என்று அறிந்தும், அவர் ஆதரித்தார். தீர்வையாளர் இதனை அடிக்கடி எடுத்துக்காட்டுவர்.

அதே நூலின் இன்னோரிடத்தை அவர்கள் எடுத்துக்காட்டுவதில்லை. பாய்த்துணியும் வெடிமருந்தும் போன்று காவலுக்கு இன்றியமையாத பொருள்களை ஆக்கும் தொழில் தானாக நிற்கமுடியாதாயின், ஏனைய தொழில்கள் வரி செலுத்தியேனும் அதனை மானியத்தாற் காத்தல் தகும் என்று அவர் கருதினார். அமெரிக்காவின் முதல் திறைசேரிச் செயலாளரும் காப்புக் கொள்கையின் தந்தையெனப் போற்றப்படுபவருமான அலெக்சாண்டர் ஹமில்டனும் 1791இல் காங்கிரசுக்கு அளித்த அறிக்கையில் மானியத்தின் சிறப்பை எடுத்துரைத்தார். எதிரெதிர்ப் பாசறைகளின் தலைவர்களாக எண்ணப்படும் இருவரும் இந்த இடத்தில் அருகருகே நிற்கின்றனர்.

மானியத்துக்கும் தீர்வைக்கும் வேற்றுமை யாது? இரண்டும் ஆலையைத் தாங்கும். ஆனால் மானியம் திறைசேரியிலிருந்து கொடுக்கப்படுவது. காங்கிரஸ் வாக்களித்து, தொகை இவ்வளவு, ஆலை இது, காலம் இத்தனை ஆண்டு என்று எல்லாருமறிய எழுதவேண்டுவது. பயனில்லையெனின் அடுத்த ஆண்டு நிறுத்தலாம். அதனால் ஆணி செய்வோன் வாங்கும் கம்பியின் விலை ஏறுவதுமில்லை. தீர்வையோ கண்ணுக்குத் தெரியாமல் ஆணியிலும் பேணியிலும் வண்டியிலும் கலந்து ஒவ்வொரு வீட்டிலும் வரி தண்டுகின்றது. அதனைச் செலுத்துவோர் தாம் செலுத்துவதை அறியார். பெறுவோரிடம் கணக்குக் கேட்பாரும் இலர். மானியத்திலும் ஊழல் நுழையும், செல்வாக்குடையார்க்கே அது சென்று சேரும் என்னும் குற்றச்சாட்டு உண்டு, அது மெய்யே. எனினும் ஏட்டில் எழுதப்பட்ட செலவைத் தணிக்கை செய்யலாம். எழுதப்படாத செலவைத் தணிக்கை செய்ய இயலாது. 2024 மார்ச்சில் அமெரிக்கச் சக்தித் திணைக்களம், புதிய அலுமினிய ஆலையொன்றுக்கு 50 கோடி டொலர் வரை உதவுவதற்கு ஒரு நிறுவனத்தைத் தெரிந்தெடுத்தது. அவ்வழி வெல்லுமா தோற்குமா என்பது வேறு. செலவு இவ்வளவு என்று குடிமக்கள் அறிய எழுதப்பட்டது என்பதே ஈண்டுப் பொருள்.

மூன்று வினாக்கள்

எனவே நாம் கொள்ளும் முடிவு இது. காவல் என்பது உண்மையான நியாயம். அதனைப் பொருட்கணக்கால் மாத்திரம் தள்ளிவிடலாகாது. ஆயின் காவலின் பெயரால் கேட்பவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். எவ்வளவு வேண்டும்? எந்த வகை வேண்டும்? இன்று யாரிடமிருந்து பெறுகின்றோம்? இம்மூன்று வினாக்களுக்கும் தெளிவான விடை தருபவர்க்கு நாடு திறைசேரியைத் திறந்து கொடுக்கலாம். விடை தராது, "காவல்" என்னும் ஒரு சொல்லை மாத்திரம் கூறி எல்லா உருக்குக்கும் எல்லா நாட்டுக்கும் வேலியிடுபவர், காவலைக் காக்கவில்லை. காவல் என்னும் சொல்லை வாணிபப் பண்டமாக்கினார். அச்சொல் மலிந்துவிட்டால், உண்மையான ஆபத்து வரும் நாளில் அதனைக் கேட்பாரும் இருக்கமாட்டார். 2022 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு, 2018ஆம் ஆண்டுத் தீர்வைகளைப் பாதுகாப்பு விதிவிலக்கால் நியாயப்படுத்த முடியாது என்று கூறியபோது, அமெரிக்கா அத்தீர்ப்பை ஏற்கவில்லை. தன் காவலைத் தானே தீர்மானிப்பதாகக் கூறிற்று. அவ்வாறு கூறும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டெனின் எல்லா நாட்டுக்கும் உண்டு. வல்லரசு தன் விருப்பப்படி பொருள் கொள்ளும் சொல்லை, அதன் எதிரிகளும் தத்தம் விருப்பப்படி பொருள் கொள்வர். அப்பொழுது முதலில் நசுங்குபவை சிறிய நாடுகளே.

கிரனைட் சிட்டியின் உலைத் தொழிலாளனும் பொப்லர் பிளஃபின் ஆணித் தொழிலாளனும் ஒரே நாட்டின் குடிமக்கள். ஒருவன் இலையில் எடுத்து மற்றவன் இலையில் இடுவது விருந்தாகாது. உலைத் தொழிலாளன் கேட்டது தனக்கு ஒரு வேலையையும் தன் ஊருக்கு ஒரு வாழ்வையுமே. அதனை அவனுக்கு நேர்முகமாகக் கொடுக்க வழிதேடாத அரசே, ஆணித் தொழிலாளன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அவ்வழியைத் தேடுவது தீர்வை விதிப்பதினும் கடினம், பொருட்செலவும் மிகுதி. ஆயினும் அது வெளிப்படையான வழி.

பாடசாலைச் சொற்போர்களில் இப்பொருளை எடுத்து வாதிக்கும் மாணவர்க்கு ஒரு சொல். எந்தப் பக்கத்தில் நின்று பேசினாலும், வேலிக்கு உள்ளே இருப்பவரை மாத்திரம் எண்ணாதீர்கள். வேலிக்கு முள்வெட்டிக் கொடுத்தவர் யார் என்றும் எண்ணுங்கள். மாற்றுக் கருத்துடைய நேயர்கள் எழுதுவார்களாயின், அவற்றையும் இப்பகுதியில் ஆராய்வோம்.